அம்மாவுக்கு ஒரு திரை

குமுதவல்லிக்குத் தலை பின்ன இப்போதெல்லாம் இரண்டே நிமிடம்தான் ஆகிறது. வேறு பிள்ளையாக இருந்தால் சந்தோஷப்பட்டிருக்கும். குமுதாவுக்கோ அதுதான் பெரிய குறை.

முன்பு அரை மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா சீப்பை எடுத்துக்கொண்டு உட்காருவாள். குமுதா முதுகைக் காட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் உட்காருவாள். சிக்கு எடுத்துக்கொண்டே அம்மா தொண்டையைச் செருமுவாள். அடுத்த நொடியே அவள் குரல் மாறிவிடும்.

“வணக்கம். மேல அடையவளஞ்சான் தெருச் செய்திகள். வாசிப்பது செங்கமலம்.”

செங்கமலம் என்பது அம்மாவின் பெயர். செய்திகள் எல்லாம் அம்மாவே கட்டிவிடுவது.

“மூன்றாம் நம்பர் வீட்டுப் பூனை காணாமல் போன வழக்கில் திடீர்த் திருப்பம். பூனை வீட்டில்தான் இருந்தது. காணாமல் போனது பால்.”

குமுதா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள்.

“தலையை ஆட்டாதே, வகிடு கோணுது,” என்பாள் அம்மா. உடனே மறுபடியும் செய்திக் குரல் வரும். “வானிலை அறிக்கை. இன்னும் சற்று நேரத்தில் குமுதவல்லியின் தலையில் எண்ணெய் மழை பெய்யும்.”

அதெல்லாம் போன ஆனி மாதம் வரைக்கும்தான். ஆனியில் அம்மா திருச்சியில், மெயின்கார்டு கேட் பக்கத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாவது மாடி, சேலைப் பிரிவு. காலை எட்டரைக்கு பஸ் ஏறினால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு. வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டு. அது செவ்வாய்க்கிழமை. குமுதாவின் பள்ளிக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. அந்த இரண்டு லீவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை. செவ்வாய்ச் சாயங்காலமும் வாரத் துணியைத் துவைப்பதிலேயே போய்விடும்.

விளக்கு வைத்த பிறகு தலை வாரக் கூடாது என்று அந்த வீட்டில் ஒரு பழக்கம். அதனால் பின்னல் காலைக்கு மாறியது. ஒரு கையில் சீப்பு, வாயில் ஹேர்பின், கண் கடிகாரத்தில். இரண்டு நிமிடத்தில் எந்தச் செய்தியை வாசிப்பது?

இரவு வீட்டுக்கு வரும் அம்மாவும் பேசமாட்டாள். ஏதாவது கேட்டால் “ம்” என்பாள். சாப்பிடுவாள், பாத்திரம் கழுவுவாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். முகத்தில் சிரிப்பு மருந்துக்குக்கூட இருக்காது.

அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று குமுதாவுக்குப் பயமாக இருந்தது. யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை. அம்மா ஊருக்குப் போயிருந்தால் எப்போது வருவாள் என்று நாளை எண்ணலாம். அம்மா பக்கத்திலேயே படுத்திருக்கிறாள், குமுதா அம்மாவுக்காக ஏங்குகிறாள். இதற்கு எந்த நாளை எண்ணுவது?

புரட்டாசியில் காலாண்டு விடுமுறை வந்தது. குமுதா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, அம்மா ஏன் இப்படி இருக்கா?”

அப்பாவின் பெயர் வரது. அவர் டவுன் பஸ் டிரைவர். “களைப்பும்மா. நல்லாத் தூங்கினா சரியாயிடும்,” என்றார்.

தூக்கத்தைப் பற்றி அப்பா சொல்வதை நம்பலாமா என்பது வேறு விஷயம். அவரே தூக்கத்தில் வலது காலை நீட்டி பிரேக் போடுகிறவர். இருந்தாலும் குமுதாவுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அம்மாவைத் தூங்க வைக்க வேண்டும். யாரும் வந்து எழுப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீரங்கத்துப் பிள்ளைக்கு இதற்கு வழி தெரியாதா என்ன? கோயிலில் நடை சாத்திவிட்டால் அவ்வளவுதான். டெல்லியிலிருந்து வந்தவரானாலும் சரி, அடுத்த தெருவிலிருந்து வந்தவரானாலும் சரி, திறக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மதியம் குமுதா பழைய நோட்டு அட்டையைக் கிழித்து, பெரிய எழுத்தில் எழுதினாள்.

‘நடை சாத்தியாச்சு. மறுபடி திறப்பது மாலை 5 மணி. கதவைத் தட்டக் கூடாது. இப்படிக்கு, நிர்வாகம்.’

அதை வாசற்கதவில் மாட்டினாள். அழைப்பு மணியின் சுவிட்சை அணைத்தாள். அம்மாவின் போனைத் தலையணைக்கு அடியில் புதைத்தாள். பாயில் படுத்த அம்மா ஐந்து நிமிடத்தில் தூங்கிப்போனாள். குமுதா பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்தாள். கிரீச்சிட்ட மின்விசிறியைப் பார்த்து, “ஷ்ஷ்!” என்று அதட்டினாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். அப்புறம் சாய்ந்துகொண்டாள். கடைசியில் நிர்வாகமும் தூங்கிவிட்டது.

ஐந்து மணிக்கு அம்மாதான் கதவைத் திறந்தாள். அட்டையின் கீழே பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள்.

‘சிலிண்டர் கொண்டுவந்தேன். நடை சாத்தியிருந்ததால் திரும்பிப் போகிறேன். இனிமேல் வெள்ளிக்கிழமைதான் வர முடியும். – காத்தமுத்து.’

அன்று இரவு, முதல் தோசையைத் திருப்பிப் போட்டபோது அடுப்பு ‘பப்’ என்று அணைந்தது. ஒரு பக்கம் தோசை, மறுபக்கம் மாவு.

குமுதா திட்டு வாங்கத் தயாராக நின்றாள். அம்மா அட்டையை ஒருமுறை படித்தாள், குமுதாவை ஒருமுறை பார்த்தாள்.

“சரி, விடு,” என்றாள். பக்கத்து வீட்டில் மின் அடுப்பை இரவல் கேட்கப் போய்விட்டாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடக் குமுதாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மூன்று மணி நேரம் தூங்கியும் அம்மாவின் முகம் அப்படியேதான் இருந்தது. அதுதான் அவளுக்கு அழுகையை வரவழைத்தது.

தூக்கம் பலிக்கவில்லை. அடுத்ததாகக் குமுதா சிரிப்பை முயன்று பார்த்தாள். அப்பாவின் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் செபஸ்தியான் மாமாவிடம் மூட்டை மூட்டையாக ஜோக் உண்டு. புதன்கிழமை அப்பா அதிலிருந்து ஒன்றை வாங்கிவந்தார். இரவு அம்மா வந்து செருப்பைக் கழற்றியதுமே குமுதா முன்னால் போய் நின்றாள்.

“அம்மா, யானை ஏன் டவுன் பஸ்ல போகாது, சொல்லு?”

“ம்.”

“படியில நிக்காதேன்னு டிரைவர் திட்டுவாரு!”

அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அம்மா தண்ணீர்ச் செம்பை எடுத்தாள்.

“சிரி அம்மா. ஒரே ஒரு தடவை. எனக்காக.”

அம்மா நிமிர்ந்தாள். இரண்டு கன்னமும் மேலே போயின. பல் தெரிந்தது. கண் மட்டும் எப்போதும்போலவே இருந்தது. “போதுமா?” என்று கேட்டுவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் குமுதாவுக்கு அது வேண்டியிருக்கவில்லை. அந்தச் சிரிப்பு தனக்கானது இல்லை என்று ஏனோ தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவுக்கு டியூட்டி. வழக்கமாகக் குமுதாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டார் ஒரு கல்யாணத்துக்காக முசிறி போயிருந்தார்கள். காத்தமுத்துவும் சிலிண்டரும் காலையிலேயே வந்துவிட்டதால் அந்தக் கவலை இல்லை. அம்மா கடைக்குப் போன் போட்டுக் கேட்டாள். ஓரமாக உட்கார்ந்திருப்பதானால் பிள்ளையைக் கூட்டிவரலாம் என்றார்கள்.

தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள்ளேயே கடையில் கூட்டம் நெரிந்தது. இரண்டாவது மாடியில், சேலை அடுக்குகளுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஸ்டூலில் குமுதாவை உட்கார வைத்தாள் அம்மா. அவளோடு வேலை செய்யும் பெலிண்டா அக்கா, குமுதாவின் கையில் ஒரு மிட்டாயைத் திணித்தாள்.

முதல் ஆள் படி ஏறி வந்தார். அம்மாவின் இரண்டு கன்னமும் மேலே போயின.

“வாங்க மேடம், வாங்க. பட்டு பார்க்கறீங்களா, காட்டனா?”

குமுதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். புதன்கிழமை இரவு அவள் கேட்டு வாங்கிய அதே சிரிப்பு!

அடுத்தவர் வந்தார், அதே சிரிப்பு. ஒரு பெண்மணி நாற்பது சேலையைப் பிரிக்கச் சொன்னார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “அப்புறமா வரேன்,” என்று எழுந்துபோனார். அம்மா சிரித்தாள். ஒருவர் சேலையைத் தூக்கிப் போட்டு, “இதெல்லாம் ஒரு கலரா?” என்று கேட்டார். குமுதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மா அதற்கும் சிரித்தாள். “வேற கலர் காட்டறேன் சார்,” என்றாள்.

குமுதா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். அறுபத்து மூன்றாவது சிரிப்போடு எண்ணுவதை நிறுத்திவிட்டாள். அப்போது மணி பன்னிரண்டுகூட ஆகியிருக்கவில்லை.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் டீ நேரம். சேலைப் பெட்டிகள் அடுக்கிய ஒரு சின்ன அறைக்குள் அம்மாவும் பெலிண்டா அக்காவும் போனார்கள். குமுதா பின்னாலேயே போனாள். உள்ளே போனதும் அம்மாவின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு விழுந்துவிட்டது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். வீட்டில் பார்க்கும் அதே முகம். பெலிண்டா அக்கா இரண்டு உள்ளங்கையாலும் தன் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“பல்வலியா அக்கா?” என்று மெதுவாகக் கேட்டாள் குமுதா.

“பல்லு இல்ல குட்டி, கன்னம். சிரிச்சுச் சிரிச்சு மரத்துப் போச்சு.” பெலிண்டா அக்கா டீயை ஒரு வாய் குடித்தாள். “கால் வலிக்குதுன்னா உட்காரறதுக்கு ஸ்டூல் போட்டுட்டாங்க. மூஞ்சிக்கு எங்க ஸ்டூல் போடறது?”

வெளியே மணி அடித்தது. அம்மா எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கதவைத் தாண்டியபோது கன்னங்கள் தாமாகவே மேலே போயின.

குமுதா அந்த அறையிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்காமல் போகவில்லை. நாள் முழுக்கச் சுமந்த மூட்டையை வீட்டு வாசலில் இறக்கி வைத்திருக்கிறாள். அவ்வளவுதான். ‘இன்னும் ஒரே ஒரு தடவை தூக்கு’ என்று கேட்டது தான்தான். நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. அம்மா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள். எப்போதும் அந்தப் பாலத்தில் குமுதா வாயை மூட மாட்டாள். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. காலுக்கு ஸ்டூல் இருக்கிறது. கண்ணுக்குத் தூக்கம் இருக்கிறது. முகத்துக்கு என்ன இருக்கிறது? ஸ்ரீரங்கம் வந்து இறங்கும்வரைக்கும் அவளுக்குப் பதில் கிடைக்கவில்லை.

பதில் மறுநாள் கோயிலில் கிடைத்தது.

புரட்டாசிச் சனிக்கிழமை. பெரிய வரிசைக்குப் பயந்து அப்பா அவளை ஒரு சின்னச் சன்னதிக்குக் கூட்டிப்போனார். அங்கேயும் ஐம்பது பேர் நின்றார்கள். இவர்கள் போய்ச் சேர்ந்ததும் உள்ளே திரையை இழுத்துவிட்டார்கள்.

“எவ்வளவு நேரம் ஆகுங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“திரை போட்டாச்சு. ஆகறப்ப ஆகும்,” என்றார் வரிசையைப் பார்த்துக்கொண்டவர். கேட்டவர் கோபப்படவில்லை. துண்டை விரித்துத் தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

“பெருமாள் தூங்கிட்டாராப்பா?”

“இல்லம்மா. அமுது செய்யறாரு. அதாவது, சாப்பிடறாரு.”

“அதுக்கு எதுக்குத் திரை?”

“நீ சாப்பிடறப்ப ஐம்பது பேரு நின்னு வாயைப் பார்த்தா உனக்கு இறங்குமா?”

குமுதா கற்பனை செய்துபார்த்தாள். இறங்காது. “இவ்வளவு பேரு காத்துக்கிட்டு இருக்காங்களே, யாருக்கும் அவரு மேல கோவம் வராதா?”

“எதுக்குக் கோவம்? உள்ளதானே இருக்காரு. வருவாரு,” என்றார் அப்பா.

குமுதா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை. ஊருக்கும் போகவில்லை. உள்ளேதான் இருக்கிறார். கொஞ்ச நேரம் யாரும் பார்க்காமல் இருக்கிறார். காலையிலிருந்து எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! வந்தவர்களில் பாதிப் பேர், ‘அது கொடு, இது கொடு’ என்றுதானே கேட்டிருப்பார்கள்.

“அப்பா!” என்று அவள் எழுந்தே விட்டாள். “நம்ம வீட்ல கயிறு இருக்கா?”

“சன்னதியில என்னம்மா கேள்வி இது?” என்றார் அப்பா.

கயிறு இருந்தது. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்றும் இருந்தது. கூடத்தில் ஜன்னல் இருக்கும் மூலையில் குறுக்காகக் கயிற்றைக் கட்டி, சேலையைத் தொங்கவிட்டார்கள். திரைக்கு உள்ளே ஒரு பாயும், சாய்ந்துகொள்ள ஒரு தலையணையும் போட்டாள் குமுதா. சட்டமும் அவள்தான் போட்டாள்.

“அரை மணி நேரம். எட்டிப் பார்க்கக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது. முக்கியமா, ‘ராத்திரிக்கு என்ன சமையல்’னு கேட்கவே கூடாது.”

“அது யாருக்குச் சொல்ற?”

“உங்களுக்குத்தான்.”

அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு அவரே போய்த் தோசை மாவைக் கரைத்தார்.

எட்டு மணிக்கு அம்மா வந்தாள். சேலையைப் பார்த்தாள். “என்னடி இது, துணி உலர்த்தறியா?”

“திரை. உனக்கு. உள்ள போய் உட்காரு.”

“உள்ள போய் என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். தூங்கணும்னுகூட இல்ல. யாரும் உன்னைப் பார்க்க மாட்டோம்.” குமுதா சேலையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். “மூஞ்சிய எப்படி வேணா வெச்சுக்கலாம். சிரிக்கவே வேண்டாம்.”

அம்மா அவளையே பார்த்தாள். அப்புறம் பையைக் கீழே வைத்துவிட்டு, திரையை விலக்கி உள்ளே போனாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் குமுதாவுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். திரை போட்டவுடன் வரம் கிடைத்துவிடுமா?

முதல் நாள் உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இரண்டாம் நாள் வளையலைக் கழற்றித் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு நீளமான பெருமூச்சும் கேட்டது. குமுதா இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அம்மாவின் வாசனை வந்தது. விரல் சேலை வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவந்தது.

‘உள்ளதானே இருக்கா. வருவா,’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவளால் முடியவில்லை. வேண்டுமென்றே இருமினாள். அப்பா உடனே அவள் கையைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

“வா, நடந்துட்டு வரலாம். நாள் பூரா உட்கார்ந்தே பஸ் ஓட்டறேன். எனக்கு நடந்தாத்தான் ஓய்வு.”

“அப்போ ஹாரன் கேட்காத தெருவாப் போகலாம். உங்க காதுக்கும் ஓய்வு,” என்றாள் குமுதா.

இருவரும் சந்துக்குள் புகுந்து நடந்தார்கள். அங்கே ஒரு மாடு மட்டும் வழியை மறித்துப் படுத்திருந்தது. அப்பாவின் கை, பழக்கத்தில், இல்லாத ஹாரனைத் தேடியது. அப்புறம் மாட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அன்று இரவு அப்பா தூக்கத்தில் ஒரு பிரேக்கூடப் போடவில்லை.

நான்காம் நாள் செவ்வாய்க்கிழமை. அம்மாவுக்கு லீவு. லீவு நாளிலும் எட்டு மணிக்கு அவளே எழுந்து திரைக்கு உள்ளே போய் உட்கார்ந்தாள். குமுதா அப்பாவைப் பார்த்தாள், அப்பா குமுதாவைப் பார்த்தார். இருவரும் சத்தம் போடாமல் கையைத் தட்டிக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் சாப்பிடும்போது, யாரும் கேட்காமலேயே அம்மா வாயைத் திறந்தாள். “இன்னிக்கு மிளகாய்ப்பொடி நல்லா இருக்கு,” என்றாள். நாலே நாலு வார்த்தையாக இருந்தாலும் குமுதாவுக்கு அது போதும். அன்று அவள் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஆறாம் நாள் வியாழக்கிழமை. அம்மா உள்ளே போய்க் கால் மணி நேரம் ஆகியிருக்கும். குமுதா திரைக்கு இந்தப் பக்கம் படம் வரைந்துகொண்டிருந்தாள். சேலையின் கீழ் ஓரம் லேசாக அசைந்தது.

தரையோடு தரையாக ஒரு கை வெளியே வந்தது. கையில் சீப்பு இருந்தது.

குமுதா சீப்பைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அப்பா குரலைத் தாழ்த்தி, “விளக்கு வெச்சப்புறம் தலை வாரக் கூடாதுன்னு சொல்வாங்களே, செங்கமலம்?” என்றார்.

“திரை போட்டிருக்குல்ல? யாரும் பார்க்க மாட்டாங்க,” என்று பதில் உள்ளேயிருந்து வந்தது.

குமுதா ஓடிப்போய், திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சேலையின் ஓரத்திலிருந்து இரண்டு கை வந்து அவள் பின்னலை அவிழ்த்தன. விரல்கள் மெதுவாகச் சிக்கு எடுத்தன. அவசரமே இல்லை. அவளுக்கு அம்மாவின் முகம் தெரியவில்லை. அம்மாவுக்கும் அவள் முகம் தெரியவில்லை. அது நல்லதுதான். குமுதாவின் கண் நிறைந்திருந்தது.

திரைக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“வணக்கம். மேல அடையவளஞ்சான் தெருச் செய்திகள். வாசிப்பது செங்கமலம்.”

அப்பா தோசைக் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டார்.

“முக்கியச் செய்தி. இந்தத் தெருவில் ஒரு வீட்டில் தினமும் இரவு எட்டு மணிக்குத் திரை போடப்படுகிறது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் ஐந்தாம் வகுப்பு படிக்கும் நிர்வாகி ஒருவர். நிர்வாகி ஆறு நாளில் ஒரே ஒரு முறைதான் இருமினார் என்று நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன.”

குமுதா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

“மற்றொரு செய்தி. சிலிண்டர் கொண்டுவருகிறவர்கள் மட்டும் எந்த நேரமும் கதவைத் தட்ட அனுமதிக்குமாறு நிர்வாகம் கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

“தோசை கருகுதுப்பா!” என்று கத்திக்கொண்டே குமுதா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“தலையை ஆட்டாதே, வகிடு கோணுது,” என்றது திரை.

அம்மா சிரிக்கிறாளா இல்லையா என்று திரும்பிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. குமுதா திரும்பவில்லை. சிரித்தாலும் சரி, சிரிக்காவிட்டாலும் சரி, அது அம்மாவின் இஷ்டம். ஏங்குவதும் ஒரு வேலைதான். ஆனி மாதத்திலிருந்து ஒருநாள்கூட விடாமல் அந்த வேலையைப் பார்த்தவளுக்கு அன்றுதான் லீவு கிடைத்தது.

“வானிலை அறிக்கை,” என்றாள் அம்மா. எண்ணெய் பாட்டிலின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

அன்று குமுதவல்லிக்குத் தலை பின்ன முக்கால் மணி நேரம் ஆயிற்று.